பவர் ஸ்டேஷன்: ‘இன்புட்’ வரியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்

கையில் தூக்கிச் செல்லும் பவர் ஸ்டேஷன் என்ற பேட்டரிப் பெட்டியை வாங்கப் போகிறவர்கள், ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு மின்சாரம், எந்த வழியில், எவ்வளவு வேகமாக ஏறலாம் என்று யாரும் கேட்பதில்லை. பெட்டி பழுதாவதும், வாரன்டி மறுக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சோலாரில்தான் ஆபத்து அதிகம். பெட்டியின் ‘இன்புட்’ வரியில் ‘12–60 வோல்ட், 12 ஆம்பியர்’ என்பதுபோல ஓர் எல்லை அச்சிட்டிருக்கும். ஆம்பியர் சற்றுக் கூடினால், ஒழுங்காகச் செய்த பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால் தப்பிக்க வழியில்லை. சார்ஜிங் சர்க்யூட் நொடியில் எரிந்துபோகலாம். மொட்டை மாடிகளில் மாட்டும் 540 வாட் பேனல் ஒன்றின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் ஏறத்தாழ 50 வோல்ட். ஒன்றை மாட்டினால் எல்லைக்குள் நிற்கும். இரண்டைச் சீரியலில் இணைத்தால் 100 வோல்ட் ஆகிவிடும். பேரலலில் இணைத்தால் வோல்ட் கூடாது, ஆம்பியர்தான் கூடும். பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் இந்த வோல்டேஜ் இருக்கும். அது 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. குளிரில் வோல்டேஜ் ஏறும் என்பதால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் பத்து சதவீதமாவது இடைவெளி விட வேண்டும்.

வீட்டு பிளக்கிலும் கவனம் தேவை. 1,000 வாட் அவர் பெட்டியை ஒரு மணி நேரத்தில் நிரப்ப 1,100 வாட்டுக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவதே 1,380 வாட்தான். பழைய வயரிங்கிலோ மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் சூடேறி உருகலாம். 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். அவசரமில்லாத நாளில், வசதி இருந்தால் மெதுவான சார்ஜிங்கைத் தேர்ந்தெடுங்கள்; பேட்டரிக்கும் அதுவே நல்லது. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் 100 வாட் அளவில்தான் ஏறும் என்பதால், அதே பெட்டி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மே மாதத் தகரக் கொட்டகையில் சார்ஜ் தானாகக் குறைந்தால் பயப்பட வேண்டாம். அது பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு. பெட்டி உப்பினாலோ வாடை வந்தாலோ உடனே இணைப்பை எடுத்துவிட்டு, அதன் பக்கத்திலிருந்து விலகுங்கள்.

‘ஒரு மணி நேரத்தில் ஃபுல் சார்ஜ்’ என்று விளம்பரம் செய்துவிட்டு, அது 80 சதவீதம் வரைதான் என்பதைப் பொடி எழுத்தில் ஒளிப்பது நேர்மையல்ல. பொருளின் தன்மையை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறான விளம்பரமும் அந்தச் சட்டப்படி குற்றமே. வாங்கும் முன் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ‘வோல்டேஜ் கூடிவிட்டது, வாரன்டி கிடையாது’ என்று சர்வீஸ் சென்டர் சொன்னால், பரிசோதனை முடிவை எழுத்தில் கேளுங்கள். பேனல் தாளின் படத்தையும் இணைத்த விதத்தையும் காட்டுங்கள்.

பேச்சில் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.