கப்பலில் 'அன்லிமிடெட்' டிரிங்க்ஸ் பேக்கேஜ்: புதுச்சேரி பயணிகளுக்கு லாபமா, நஷ்டமா? எளிய கணக்கு இதோ!

சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டாச்சு, அறையும் உறுதியாயிடுச்சு. அடுத்து வரும் கேள்வி இதுதான்: "டிரிங்க்ஸ் பேக்கேஜ் சேர்த்துக்கலாமா சார்? ஒரே கட்டணம், எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்."

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் பலருக்கு இந்த ஒரு 'சரி'யில் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போய்விடுகிறது. சிலருக்கு உண்மையிலேயே மிச்சமாகிறது. இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள முடியும். குறிப்பாக, சரக்கு விலை குறைவாக உள்ள புதுச்சேரியில் இருந்து போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும்.

புதுச்சேரிக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு?

கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலின் சென்னைப் பயணத்தை 2022 ஜூன் 4-ம் தேதி தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். விசாகப்பட்டினம் சென்று, புதுச்சேரி வழியாகச் சென்னை திரும்புவது திட்டம். கப்பலில் சூதாட்ட வசதி இருப்பதாகக் கூறி அதிமுக உள்ளிட்ட கட்சிகள் புதுச்சேரியில் எதிர்ப்புத் தெரிவித்தன. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜனும், கலாச்சாரத்தைப் பாதிக்கும் எதற்கும் அனுமதி இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தார். ஜூன் 10-ம் தேதி புதுச்சேரி கடலுக்கு வந்த கப்பல், அனுமதி கிடைக்காமல் அப்படியே திரும்பியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலை 4-ம் தேதி கப்பல் மீண்டும் வந்தது. இந்த முறை அனுமதி இருந்தது. பெரிய கப்பல் கரையை ஒட்டி வர முடியாது என்பதால் கடலிலேயே நங்கூரமிட்டது. பயணிகள் சிறிய படகுகளில் கரைக்கு அழைத்து வரப்பட்டு ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு 'நாமளும் ஒரு தடவை போய்ப் பார்த்தா என்ன?' என்ற ஆசை புதுச்சேரிக்காரர்கள் பலருக்கும் வந்திருக்கிறது. கூடவே இந்த பேக்கேஜ் கேள்வியும் வருகிறது.

டிக்கெட்டில் எது சேரும், எது சேராது?

பொதுவாகக் கப்பல் டிக்கெட்டில் அறை, முக்கிய உணவகங்களில் மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், மாலை நேர நிகழ்ச்சிகள் ஆகியவை அடங்கும். மது, காக்டெய்ல், டின் குளிர்பானம், ஸ்பெஷல் காபி போன்றவை பெரும்பாலும் தனிக் கட்டணம்.

டிக்கெட் விலையைக் குறைவாகக் காட்டிவிட்டு, ஏறிய பிறகு நடக்கும் செலவில் சம்பாதிப்பதுதான் உலகம் முழுக்க இந்தத் தொழிலின் நடைமுறை. பார், சூதாட்ட அறை, ஸ்பா, கரைச் சுற்றுலா எல்லாம் இதில் வரும். அந்தக் காலத்தில் பிரான்ஸின் 'பிரெஞ்சு லைன்' கப்பல்களில் சாப்பாட்டு மேசைக்கு வரும் ஒயின் டிக்கெட்டிலேயே அடக்கம். அதுவும் இலவசம் இல்லை. குடிக்காதவரும் சேர்த்துத்தான் காசு கட்டினார். இன்றைய பேக்கேஜிலும் அதே கதைதான். அதிகம் குடிப்பவரின் செலவைக் குறைவாகக் குடிப்பவர் ஈடுகட்டுகிறார்.

புதுச்சேரிக்காரர்கள் செய்யும் முதல் தப்பு

புதுச்சேரியில் கலால் வரி குறைவு என்பதால், தமிழ்நாட்டை விட மது விலை குறைவு. அந்த விலைக்குப் பழகியவர்கள் கப்பல் மெனுவைப் பார்த்ததும் அதிர்ந்து போவார்கள். 'இந்த ஒரு பெக் காசுக்கு ஊர்ல ஒரு குவாட்டரே வாங்கிடலாமே!' என்று தோன்றும். அந்த அதிர்ச்சியிலேயே, 'அப்போ பேக்கேஜ்தான் சீப்' என்று முடிவெடுத்து விடுவார்கள்.

மெனு விலை அதிகம் என்பதாலேயே பேக்கேஜ் லாபமாகி விடாது. ஊர் ஒயின் ஷாப் விலையை இந்தக் கணக்கில் இருந்து மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஒப்பிட வேண்டியது இரண்டே இரண்டைத்தான்: பேக்கேஜின் மொத்த விலை, அதே கப்பலில் தனித்தனியாக வாங்கினால் நீங்கள் கொடுக்கப்போகும் விலை.

கணக்கு போடுவது எப்படி?

ஃபார்முலா ரொம்ப எளிது. பேக்கேஜ் விலையை, கப்பலில் ஒரு டிரிங்கின் சராசரி விலையால் வகுக்க வேண்டும். வரும் எண்ணை விட அதிகமாகக் குடித்தால்தான் லாபம்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். புரிவதற்காக மட்டும் எடுத்துக்கொண்ட தொகை இது. உண்மையான விலை கப்பலுக்குக் கப்பல், சீசனுக்கு சீசன் மாறும்.

இரண்டு இரவுப் பயணம். பேக்கேஜ் ஒருவருக்கு 7,000 ரூபாய். மெனுவில் ஒரு டிரிங்க் சராசரியாக 700 ரூபாய். 7,000-ஐ 700-ஆல் வகுத்தால் 10. அதாவது பத்து டிரிங்க் குடித்தால் போட்ட காசு சரியாகும். பதினொன்றாவதில் இருந்துதான் லாபம்.

'இரண்டு நாளில் பத்துதானே?' என்று தோன்றலாம். நேரத்தைப் பாருங்கள். முதல் நாள் செக்-இன், பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடிந்து பார் பக்கம் போகவே மாலை ஆகிவிடும். இரண்டாம் நாள் மட்டும்தான் முழு நாள். மூன்றாம் நாள் காலையில் பெட்டியைக் கட்டி இறங்க வேண்டும். 'மூணு நாள் டூர்' என்றாலும் கையில் இருப்பது ஒரு மாலையும் ஒரு முழு நாளும்தான்.

சேவைக் கட்டணத்தை மறக்காதீங்க

பல கப்பல்களில் பேக்கேஜ் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரும். ராயல் கரீபியன் நிறுவனத்தில் இது 18 சதவீதம். நம் உதாரணத்தில் அப்படிச் சேர்த்தால் 7,000 ரூபாய் 8,260 ஆகிவிடும்.

தனியாக வாங்கும் டிரிங்குக்கும் அதே 18 சதவீதம் உண்டு என்றால், 700 ரூபாய் 826 ஆகும். கணக்கு மாறாமல் பத்திலேயே நிற்கும். ஆனால் மெனு விலையிலேயே எல்லாக் கட்டணமும் அடங்கி, பேக்கேஜுக்கு மட்டும் மேலே சேர்கிறது என்றால், 8,260-ஐ 700-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 12 டிரிங்க் ஆகிவிடும். அதனால் இரண்டு விலையையும் எல்லாக் கட்டணமும் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

ஒரே அறையில் இருவர்: பெரிய பொறி இதுதான்

கணவர் குடிப்பார், மனைவி குடிக்க மாட்டார். அல்லது நண்பர்களில் ஒருவர் மட்டும் குடிப்பார். இந்த இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே அறையில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால், அந்த அறையில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி வெளிநாட்டுக் கப்பல்கள் பலவற்றில் உண்டு. ஒருவர் பேக்கேஜில் இருவர் பகிர்ந்து குடிப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

நம் உதாரணத்தில் இந்த விதி இருந்தால் செலவு 14,000 ரூபாய். குடிப்பவர் ஒருவர்தான். அவர் 20 டிரிங்க் குடித்தால்தான் காசு சரியாகும். ஒன்றரை நாளில் 20 என்பது லாபக் கணக்கு இல்லை, ஆஸ்பத்திரிக் கணக்கு. குடிக்காதவருக்கு மது இல்லாத சின்ன பேக்கேஜ் போதும் என்று சில நிறுவனங்கள் விடுவதுண்டு. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'அன்லிமிடெட்' என்றால் நிஜமாவே எல்லையே இல்லையா?

இல்லை. சிறிய எழுத்தில் பல நிபந்தனைகள் இருக்கும்.

• எண்ணிக்கை: கார்னிவல் நிறுவனத்தின் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மது பானங்கள்தான் உச்சவரம்பு.

• விலை வரம்பு: குறிப்பிட்ட விலைக்கு மேல் உள்ள பிராண்டுகள் சேராது. விலை உயர்ந்த விஸ்கி கேட்டால் வித்தியாசத் தொகை தனியாக வரும்.

• ஒரு நேரத்தில் ஒன்று: ஒரே சமயத்தில் இரண்டு கிளாஸ் தர மாட்டார்கள்.

• பகிர முடியாது: நண்பருக்கு வாங்கிக் கொடுத்தால் பேக்கேஜ் ரத்தாகலாம்.

• பணம் திரும்ப வராது: குடிக்காமல் விட்டதற்குக் கழிவு கிடையாது.

கரையில் இறங்கும் நாள் கணக்கில் வருமா?

பேக்கேஜுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். கரையில் இருக்கும் நேரத்துக்குக் கழிவு எதுவும் இல்லை. புதுச்சேரி போன்ற ஊரில் கப்பல் நின்றால், பகலில் பாதி நேரம் கடற்கரைச் சாலை, ஒயிட் டவுன், ஆரோவில் என்று போய்விடும். சாப்பாடும் வெளியில். அந்த நேரத்தில் கப்பல் பார் உங்களுக்குப் பயன்படாது. அதனால் நடுவில் ஊர்களில் நிற்கும் பயணத்தை விட, முழுக்கக் கடலிலேயே இருக்கும் பயணத்தில்தான் பேக்கேஜுக்கு மதிப்பு கொஞ்சம் கூடும்.

'இங்கேயே வாங்கி பையில் போட்டுக்கலாமே?'

புதுச்சேரியில் எழும் இயல்பான யோசனை. ஆனால் நடக்காது. கப்பலில் ஏறும்போது விமான நிலையம் மாதிரியே ஸ்கேன் சோதனை உண்டு. வெளியில் வாங்கிய மதுவை எடுத்து வைத்துவிடுவார்கள். சில வெளிநாட்டுக் கப்பல்கள் மட்டும் ஏறும் நாளில் ஒரு ஒயின் பாட்டிலை அனுமதிக்கின்றன.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பயணம் சென்னையில் என்றால், புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் அனுமதியின்றிக் கொண்டுபோவதே சட்டப்படி குற்றம். கோட்டக்குப்பம், கடலூர் பக்கச் சோதனைச் சாவடிகளில் என்ன நடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வயது விஷயத்திலும் கவனம் வேண்டும். மது வாங்க புதுச்சேரியில் குறைந்தபட்ச வயது 18, தமிழ்நாட்டில் 21. கப்பலில் அந்த நிறுவனத்தின் விதிதான் செல்லும். 'எங்க ஊர்ல 18 போதும்' என்று வாதாட முடியாது.

காசு கட்டியாச்சே, குடிச்சுத்தானே ஆகணும்!

பேக்கேஜின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. அன்லிமிடெட் மீல்ஸ் வாங்கினால் வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொள்வது போல, காசு கட்டிய பிறகு அளவு தானாகக் கூடுகிறது. சாதாரணமாக இரண்டோடு நிறுத்துபவர், 'போட்ட காசை எடுக்கணுமே' என்று நான்கு, ஐந்து எனப் போகிறார். கட்டிய பணம் எப்படியும் திரும்பாது. ஆசையே இல்லாமல் கூடுதலாகக் குடிப்பது அந்தப் பணத்தை மீட்பது ஆகாது.

அளவையும் தெரிந்துகொள்வது நல்லது. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள 30 மி.லி. சரக்கில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 650 மி.லி. பாட்டில் என்றால் சுமார் 25 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் சுமார் 40 கிராம். 'பீர்தானே' என்று எடுக்கும் ஒரு ஸ்ட்ராங் பாட்டில் நான்கு சிறிய பெக்குக்குச் சமம். மது எந்த அளவிலும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கடலில் இன்னும் ஒரு விஷயம் உண்டு. அலை அதிகம் இருந்தால் குமட்டலும் தலைசுற்றலும் வரும். மது அதை மோசமாக்கும். குமட்டலுக்குப் போடும் மாத்திரையோடு மது சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து உண்டு. முதல் நாளே குமட்டல் வந்து படுத்துவிட்டால் பேக்கேஜ் மொத்தமும் நஷ்டம்.

அப்போ யாருக்கு லாபம்?

• வழக்கமாகவே அதிகம் குடிப்பவர், அதுவும் காக்டெய்ல், பிரீமியம் வகைகள் எடுப்பவர் என்றால், காசுக் கணக்கில் மட்டும் லாபம் வரலாம்.

• காபி, ஜூஸ், மாக்டெய்ல், தண்ணீர் பாட்டிலும் பேக்கேஜில் அடங்கும் என்றால் அவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்துப் பாருங்கள். கணக்கு மாறலாம்.

• மாலையில் ஒன்றிரண்டு பீரோடு நிறுத்துபவருக்கு, தனித்தனியாக வாங்குவதே மிச்சம்.

• குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கும், குடிக்காதவர்களுக்கும் மது பேக்கேஜ் தேவையே இல்லை. குளிர்பான பேக்கேஜ் போதும்; அதையும் இதே ஃபார்முலாவில் போட்டுப் பார்க்கலாம்.

புக் பண்ணும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. வரி, சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
2. அறையில் உள்ள எல்லோரும் வாங்கியே ஆகணுமா?
3. எந்தெந்த பானங்கள் சேரும், எந்த விலை வரை?
4. கப்பலில் ஏறிய பிறகு, மெனுவைப் பார்த்துவிட்டு வாங்க முடியுமா? அப்போது விலை கூடுமா?
5. பயணம் ரத்தானால் பேக்கேஜ் பணம் திரும்ப வருமா?

பேக்கேஜ் எடுக்காதவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. கப்பலில் பெரும்பாலும் ரொக்கம் கிடையாது. அறை அட்டையைக் காட்டினால் கணக்கில் ஏறிவிடும். பில் கடைசி நாளில்தான் கைக்கு வரும். அதனால் தினமும் இரவு ரிசப்ஷனில் ஒருமுறை கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன சோதனை. கடந்த முறை வெளியூர் போனபோது ஒரு நாளைக்கு எத்தனை குடித்தீர்கள் என்பதை நேர்மையாக ஒரு தாளில் எழுதுங்கள். ஃபார்முலாவில் வந்த எண்ணைப் பயண நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் எண் சின்னதாக இருந்தால், பேக்கேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டெக்கில் நின்று கடலைப் பாருங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.