ஓட்டுநர் உரிமமும் உடல் தகுதியும்

பிழைப்பை நாடி ஸ்ரீ சிட்டிக்கு வந்து குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் வண்டியோட்டி வாழ்வோர் பலர். 2008-ஆம் ஆண்டில் தோன்றிய இத்தொழில் நகரம், சென்னையினின்று கொல்கத்தா செல்லும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தடாவுக்கு அருகே அமைந்தது. ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும் வேன்களும், சரக்கு லாரிகளும் இங்கு இரவு பகலாக ஓடுகின்றன. ஆகவே, லைசென்ஸ் என்று நாம் வழங்கும் ஓட்டுநர் உரிமம் பற்றியும், அதற்குரிய டாக்டர் சர்ட்டிபிகேட் பற்றியும் அன்பர்கள் நம்மை அடிக்கடி வினவுவதுண்டு. அவற்றை இங்குச் சுருங்க உரைப்போம்.

தமிழ்நாட்டு உரிமம் இங்குச் செல்லுமா?

செல்லும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, இந்நாட்டின் எம்மாநிலத்தில் பெற்ற உரிமமும் நாடு முழுவதும் செல்லும். ஆனால் இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. நோயினாலோ உடற்குறையினாலோ ஒருவர் வண்டியோட்டத் தகுதியற்றவர் என்று நம்புதற்குத் தக்க காரணம் இருப்பின், எந்த உரிம அதிகாரியும் மருத்துவச் சான்று கேட்கலாம். உரிமத்தை ரத்துச் செய்யவும் செய்யலாம் என்கிறது 16-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் பெற்ற உரிமமாயினும் ஆந்திர அதிகாரிக்கு அவ்வதிகாரம் உண்டு.

படிவம் கேட்பது என்ன?

உரிமம் கோருவோர் தம் உடல்நிலையைத் தாமே அறிவிப்பது 1-ஆம் எண் படிவம். வாடகைக்கும் சரக்குக்கும் உரிய போக்குவரத்து வண்டி ஓட்டுவோரும், 40 வயது கடந்தோரும் பதிவு பெற்ற மருத்துவரிடம் 1-ஏ படிவத்தில் சான்று பெறல் வேண்டும். காக்கை வலிப்போ, திடீர் மயக்கமோ, தலைச்சுற்றலோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க இயலுமா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலுமா? மாலைக்கண் உண்டா? கைகால்களின் இயக்கத்தில் குறை உண்டா? படிவத்தின் வினாக்கள் இத்தகையனவே. கண்ணாடி அணிந்து படிப்பது குற்றமன்று. நிறம் காண்பதில் சிறிதளவும் நடுத்தர அளவும் குறையுள்ளோர்க்கு உரிமம் வழங்கலாம் என்று 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விதி தளர்த்தப்பெற்றது.

நிறம் பார்க்கும் இச்சோதனையின் வரலாறு ரயில்வேயோடு பிணைந்தது. 1875-ஆம் ஆண்டு சுவீடன் தேசத்தில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு ரயில்கள் மோதின. நிறக்குறையால் விளக்கின் அடையாளம் பிறழ உணரப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்ற ஹோம்கிரென் என்னும் பேராசிரியர், வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில் ஊழியரின் கண்களைச் சோதிக்கும் முறையை வகுத்தார். இன்றும் நமது ரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநராகச் சேர்வோர்க்குக் கண்ணாடியின்றியே 6/6 பார்வை வேண்டும். சேர்ந்த பின்னரும் குறித்த கால இடைவெளியில் பரிசோதனை உண்டு.

மறைப்பது ஏன்?

இங்கு ஒன்றை மனம் விட்டுக் கூற வேண்டும். பரிசோதனையில் தகுதியிழந்த எஞ்சின் ஓட்டுநருக்கு ரயில்வே மாற்று வேலை தருகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை அக்காரணத்தால் நீக்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் விதிக்கிறது. தனியார் வேன் ஓட்டுபவருக்கோ அத்தகைய நிழல் இல்லை. உரிமம் போயின் அடுப்பில் உலை ஏறாது. ஆகவே நோயை மறைக்கிறார்; டாக்டரைக் காணாமலே சான்று வாங்கித் தரும் இடைத்தரகரையும் நாடுகிறார். அவர் அச்சம் நியாயமானதே. ஆனால் அவ்வச்சத்தின் விலையைக் கொடுப்பவர் வேனில் அமர்ந்திருக்கும் பதினைந்து பேர்.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக் கொள்பவர். ஓரிரவு உணவு தவறியிருந்தார். நெடுஞ்சாலையில் கை நடுக்கமும் வியர்வையும் காணவே, வேனை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் இருந்தோர் உறங்கிக் கொண்டிருந்தனர். மறுநாள் மனைவியின் வற்புறுத்தலால் டாக்டரிடம் உண்மையைக் கூறினார். டாக்டர் மருந்தின் அளவையும் உண்ணும் நேரத்தையும் திருத்தினார்; வண்டி உரிமையாளரும் அவரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார். இன்றும் அவர் வண்டியோட்டுகிறார். உண்மை அவர் சோற்றைப் பறிக்கவில்லை.

எல்லா நோய்க்கும் இவ்வாறு எளிய தீர்வு இல்லைதான். ஆயினும் கண்புரை அறுவையால் நீங்கும். தூரப்பார்வை கண்ணாடியால் திருந்தும். கைகால் ஊனமுற்றோர் தமக்கெனத் திருத்தியமைத்த வண்டிக்கு உரிமம் பெறலாம். உரிமம் மறுக்கப்பட்டோர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பொய்கூறிப் பெற்ற உரிமத்தையோ 19-ஆம் பிரிவின்படி ரத்துச் செய்யலாம். செல்லத்தக்க உரிமமின்றி ஓட்டிய வண்டியால் விபத்து நேரின், இன்ஷூரன்ஸ் கம்பெனி தான் கொடுத்த நஷ்டஈட்டை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கவும் இடமுண்டு.

காலக்கெடு

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி போக்குவரத்து வண்டி உரிமம் ஐந்தாண்டு செல்லும். அபாயகரமான சரக்கு ஏற்றுவோர்க்கு மூன்றாண்டே. சொந்த வண்டி உரிமம், 30 வயதுக்குட்பட்டோர்க்கு 40 வயது வரையும், 30 முதல் 50 வயதுக்குட்பட்டோர்க்குப் பத்தாண்டும், 50 முதல் 55 வயதுக்குட்பட்டோர்க்கு 60 வயது வரையும், அதற்கு மேற்பட்டோர்க்கு ஐந்தாண்டும் செல்லும். முடிவுறும் தேதிக்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் வண்டியோட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டும். உரிமத்தில் அச்சிட்ட தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இல்லத்தரசியர்க்கும் ஒரு வேண்டுகோள். கணவரின் தலைச்சுற்றலையும், அந்தியில் அவர் தடுமாறுவதையும் முதலில் காண்பவர் நீங்களே. டாக்டரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர். வண்டி வைத்து நடத்தும் நம்மவர், நோயுற்ற ஓட்டுநரை வெளியே தள்ளாது, இரவு வேலையினின்று பகலுக்கோ, ஷெட்டு வேலைக்கோ மாற்றித் தருவாராயின், மறைக்க வேண்டிய தேவையே எழாது. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு நாமே துணை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனைப் பேசி ஒரு முடிவு காண்பது நலம்.