பை எடுத்த பிறகும் பொறுமை வேண்டும்

சில உபாதைகளை நாம் டாக்டரிடம்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து, குடலை மறுபடி இணைத்த பிறகு வரும் தொல்லைகள் அந்த ரகம்தான். தென்காசியில் இருக்கும் என் பெரிய நாத்தனார் இதை அனுபவித்தவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

மலக்குடல் சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சேமிப்பு அறை மாதிரி. நோய் வந்த பகுதியை எடுத்துவிட்டு, பெருங்குடலைக் கீழே மிச்சமிருக்கும் பகுதியோடு இணைக்கிறார்கள். இணைப்பு ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தால், அது ஆறும்வரை சிறுகுடலை வயிற்றின் வழியே வெளியே கொண்டுவந்து பை பொருத்துவதுண்டு. இணைப்பு ஆறிவிட்டது என்று சோதித்துப் பார்த்தபின், சில மாதத்தில் பையை எடுத்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் பலருக்கு ஆயுள் முழுக்கப் பைதான். ஆழத்தில் இணைக்க ஸ்டேப்ளர் கருவி வந்தது. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பையும் உறை கிழியாமல் சேர்த்து எடுக்க வேண்டும் என்று இங்கிலாந்து டாக்டர் ஹீல்ட் 1982ல் எழுதினார். இவற்றால் நிலைமை மாறியது.

"பை போயாச்சு, இனிப் பழையபடி ஆயிரும்" என்றுதான் நாத்தனாரும் நினைத்தார். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போக வேண்டியிருந்தது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும் அவசரம். நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்து, சாப்பாட்டை ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்திவிட்டார். கல்யாணம் காட்சிக்கு வரவில்லை. பக்கத்திலிருக்கும் குற்றாலத்துச் சாரலுக்குக்கூட வரவில்லை. உடம்பு துரும்பாகிவிட்டது.

சேமிப்பு அறை போய்விட்டதால் வரும் கோளாறு இது. கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். 2012ல் டென்மார்க் டாக்டர்கள் இதை அளக்க ஐந்தே கேள்விகள் வகுத்தார்கள். காற்றை அடக்க முடிகிறதா? நீராகக் கசிகிறதா? நாளைக்கு எத்தனை தடவை? ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா? ஓடவேண்டிய அவசரம் வருகிறதா? இவற்றுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், கூச்சப்பட்டுப் பேச வேண்டியதில்லை. நாத்தனார் அப்படித்தான் செய்தார்.

டாக்டர் மலத்தைக் கெட்டிப்படுத்த இசப்கோலும், குடல் வேகத்தைக் குறைக்க மாத்திரையும், ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் சொன்னார். குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம் ஒத்துக்கொண்டன. பரோட்டாவும் காரச் சால்னாவும் ஒத்துக்கொள்ளவில்லை. வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றி, வாசலின் தடவியதில் எரிச்சல் அடங்கியது. ஒரு வருஷத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. இப்போது சீசனில் கூட்டம் சேருமுன், விடியற்காலையில் குற்றாலம் போய்வருகிறார்.

சிலருக்கு இது இரண்டு வருஷமும் ஆகும், முழுக்கத் தீராமலும் போகலாம். தாங்கவே முடியாமல் மறுபடி பைக்குப் போகிறவர்களும் உண்டு. அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆனால் காய்ச்சல், வயிற்றுவலி, வயிறு உப்பல், வாந்தி, சீழ் இவை வந்தால் காத்திருக்கக் கூடாது. இணைப்பு கசியலாம், குடல் அடைபடலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலம் மெலிந்து, முக்க வேண்டியிருந்தால் இணைப்பு சுருங்கியிருக்கலாம். அதை விரித்துச் சரிசெய்ய வழியுண்டு. ரத்தம் போனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். செக்கப்புக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னுமா முடியல?" என்று கதவைத் தட்டாதீர்கள். அதுவே பெரிய வைத்தியம்.