தறியும் திரையும்: யாருடைய கவனம், யாருடைய ஓய்வு?



நாம் யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அவர் புகழுரையை விரும்பாதவர். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

ஆரணியை ஒட்டிய ஒரு காலனியில் மாலை நேர வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். சில மாதங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மகத் போராட்டம் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. “இதுல உனக்குப் பிடிச்ச வரி எது பாப்பா?” என்று கேட்டோம். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நான் இன்னும் படிக்கலைக்கா” என்றாள். கைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். அவளைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் எத்தனை முறை கைபேசியை எடுத்துப் பார்த்தோம் என்பது அவளுக்கும் தெரியும்.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை’ என்ற புலம்பலில் நமக்கு உடன்பாடு கிடையாது. கவனம் என்பது தனிமனித ஒழுக்கம் மட்டுமல்ல. யாருடைய கவனம் யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதைச் சாதியும் கூலியும் முடிவு செய்துவந்த சமூகம் இது.

கோர்வை நெய்யும் பட்டுத்தறியில் எதிர்க்கரையின் நாடாவைத் தள்ள ஒரு சிறுவனையோ சிறுமியையோ உட்கார வைப்பது வழக்கமாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை உழைத்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை முறை பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகளுக்கா கவனம் இல்லை? நாள் முழுக்க இழை தவறாத கவனம் அவர்களிடமிருந்து கறக்கப்பட்டது. வகுப்பறைக்கு மிச்சம் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பம்பாய் பஞ்சாலைகளில் கதை வேறு மாதிரி. கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களை விடவில்லை. அங்கே நூலை எச்சிலால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்தது; தலித்தின் வாய் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். இயந்திரம் வந்தாலே சாதி போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்த எச்சிலை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அதற்காக அவர் இயந்திரத்தை வெறுக்கவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் வெளியிட்ட நூலில், இயந்திரத்தை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். பண்பாட்டு வாழ்க்கைக்கு ஓய்வு தேவை. அந்த ஓய்வை எல்லோருக்கும் தரக்கூடியது இயந்திரம். கேடு இருப்பது இயந்திரத்தில் அல்ல, அதன் பலனைச் சிலருக்கு மட்டும் ஒதுக்கும் சமூக அமைப்பில் என்பது அவர் வாதம். இன்றைக்கும் நமக்கு அளவுகோல் இதுதான்: இந்தப் புதிய இயந்திரம் யாருக்கு ஓய்வு தருகிறது?

கணினியைப் பார்த்து நம் ஊர் மிரள வேண்டியதில்லை. அதன் முன்னோர்களில் ஒன்று ஒவ்வொரு ஜக்கார்டு தறியின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய முறை இது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி உயரும், அதோடு பாவிழை உயரும். துளை இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்தில் கிடக்கும். ஆம், இல்லை என்ற இரண்டே சொல்லில் மயிலும் அன்னமும் விழுகின்றன. இந்த அட்டையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பூவும் இலையும் நெய்வதுபோல அந்தப் பொறி இயற்கணிதத்தை நெய்யும் என்று 1843இல் ஏடா லவ்லேஸ் விளக்கினார்.

ஆனால் தறிக்கும் திரைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாவு தீர்ந்தால் தறி நின்றுவிடும். எழுந்து தண்ணீர் குடிக்கலாம், பக்கத்து வீட்டாரிடம் நாலு வார்த்தை பேசலாம். கைபேசியில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்துக்கு முடிவே வைக்கவில்லை. 2006இல் அதை வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வருந்தினார். முடிவு இருந்தால் நாம் எழுந்துவிடுவோம். எழுந்துவிட்டால் விளம்பரம் பார்க்க ஆள் இருக்காது. நாம் இளைப்பாறும் நேரத்தையே சரக்காக விற்கும் தொழில் இது. கவனம் ஒருமுறை கலைந்தால் மாணவர் மறுபடி பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம்வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை. படிக்கத் தனி அறை உள்ள பிள்ளைக்கே இந்தக் கதி. ஒரே அறையில் தொலைக்காட்சியும் அடுப்பும் தம்பி தங்கையும் இருக்கிற பிள்ளைக்கு?

செயற்கை நுண்ணறிவு இதற்கு அடுத்த கட்டம். கவனத்தைக் கலைப்பதோடு நிற்காமல், யோசிக்கும் வேலையையே எடுத்துக்கொள்கிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2025இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. செயலியைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்கள் சேர்ந்து வடிவமைத்த செயலியில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆகவே கருவி ஒன்றுதான். அதன் பின்னால் ஓர் ஆசிரியர் இருந்தாரா என்பதே வேறுபாடு.

அது எந்த நூலைக் கொண்டு நெய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்பும் 105 வாக்கியங்களை ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-5க்குக் கொடுத்து எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் 2025இல் சோதித்தது. 80 வாக்கியங்களில் சாதி சொல்லிக்கொடுத்த விடையையே அது நிரப்பியது. அறிவாளி என்றால் பிராமணர், சாக்கடை அள்ளுபவர் என்றால் தலித். சமூகவியல் படித்த தலித் ஆய்வாளர் ஒருவர் ஆய்வுநல்கை விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்தச் சொன்னபோது, அவருடைய குலப்பெயரை ‘சர்மா’ என்று மாற்றிக் கொடுத்ததையும் அதே இதழ் பதிவு செய்தது. ஆங்கிலத்தோடு சேர்த்து ஆளையும் திருத்திவிட்டது!

கொரோனா காலத்தை மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் ஆனது. பல வீடுகளில் இருந்த ஒரே கைபேசி காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதன்பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்தார்கள். கற்றல் இழப்பு கடுமையாக இருந்தது. ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. ஏழைப் பிள்ளைகள் வேகமாக மீண்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யால் வந்தது. அதில் என்ன தொழில்நுட்பம் இருந்தது? தெருவில் உள்ள ஓர் அக்கா மாலையில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். தெரிந்த முகம், பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்.

கருவியை முதலில் கையில் எடுக்கவும் நம்மவர்கள் தயங்கியதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார்; 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அன்றைய கருவி அச்சு இயந்திரம்.

எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உள்ளே வந்ததும் எல்லாக் கைபேசிகளும் ஒரு முறத்துக்குப் போய்விடும், எங்களுடையதும்தான். முதல் முக்கால் மணி நேரம் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அதன்பின் ஒரு கைபேசியை எடுத்து, வாசித்ததைப் பற்றிச் செயலியிடம் கேட்டு, அது சொல்வதில் தவறு தேடுவோம். பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் கொண்டாட்டம்.

அந்த மாணவி தன் பழைய கட்டுரையைத் திரும்பக் கொண்டுவந்தாள். நூலக நூலோடு ஒப்பிட்டதில், சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்த நாளையும் மனுஸ்மிருதியை எரித்த நாளையும் செயலி ஒன்றாகக் குழப்பியிருந்தது தெரிந்தது. அடித்துவிட்டு 1927 மார்ச் 20 என்றும் டிசம்பர் 25 என்றும் தன் கையால் எழுதினாள். பிறகு தலையை நிமிர்த்தி, “மார்ச்சுலயே தண்ணி குடிச்சிட்டாங்கன்னா டிசம்பர்ல எதுக்குக்கா மறுபடி போனாங்க?” என்று கேட்டாள்.

அன்றைக்கு வட்டம் கலைய இரவு ஒன்பதரை ஆகிவிட்டது.