மீன் தசையில் மறைந்திருக்கும் மருந்து

சந்தைக்குச் செல்வோர் மீனின் செவுளை விலக்கி நிறம் பார்ப்பர். கண் தெளிந்திருக்கின்றதா என நோக்குவர். விரலால் தசையை அழுத்துவர். பழுதான மீனை இவ்வாறு அறியலாம். ஆனால், மீனுக்கு ஊட்டப்பெற்ற மருந்தின் எச்சம் கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாவதில்லை. சமைத்தாலும் அது முற்றாக அழிந்துவிடும் என்பதற்கில்லை.

கடலில் திரியும் மீனுக்கு மருந்தூட்டுவார் இலர். குளங்களிலும் கூடுகளிலும் நெருக்கமாக வளர்க்கப்படும் மீன்களுக்கு நோய் கண்டால், நுண்ணுயிர்கொல்லியைத் தீனியுடன் கலந்து கொடுப்பதுண்டு. அது தசையில் எஞ்சினால், உண்போர் சிலருக்கு ஒவ்வாமை விளையலாம். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகவும் ஏதுவாகலாம்.

ஆய்வுகூடத்தில் இதனை எவ்வாறு கண்டறிகின்றனர்? எளிய முறை ஒன்றுண்டு. பற்றீரியா பரப்பிய ஏகார்த் தட்டில் மீன் தசைத்துண்டை வைப்பர். மருந்து போதிய அளவில் இருப்பின், துண்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத தெளிந்த வளையம் தோன்றும். எனினும், அவ்வளையம் மருந்தின் பெயரைக் கூறாது.

பெயரும் அளவும் அறிய, தசையை அரைத்துக் கரைப்பானிற் குலுக்கி, மையநீக்கியிற் சுழற்றித் தெளிந்த சாற்றை எடுப்பர். நிறப்பகுப்புக் கருவி அச்சாற்றிலுள்ள பொருள்களைப் பிரிக்கும். திணிவு நிறமாலைமானி மூலக்கூறுகளை உடைத்து, அத்துண்டுகளின் திணிவைக் கொண்டு மருந்தை இனங்காணும்.

அனுமதிக்கப்பட்ட மருந்துக்கு எல்லை உண்டு. ஒட்சிடெற்றாசைக்கிளின், ஒரு கிலோகிராம் மீன் தசையில் 200 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது கோடெக்ஸ் உணவு விதி. அரிதாயினும் கொடிய இரத்த நோயை விளைக்கக்கூடிய குளோரம்பெனிக்கோலுக்கோ எல்லையே இல்லை. உணவுக்கான விலங்குகளுக்கு அதனைக் கொடுத்தலை ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் தடைசெய்தது. கிலோகிராமுக்கு 0.3 மைக்கிரோகிராம் இருப்பினும் ஆய்வு முறை அதனைக் கண்டறிய வேண்டுமென 2003இல் விதித்தது. ஆயிரம் தொன் மீனில் ஒரு கிராமின் பத்தில் மூன்று பங்கைத் தேடுவதற்கு அஃது ஒப்பாகும்!

ஆயினும், எல்லா மீனையும் சோதித்தல் இயலாது. மருந்து கொடுத்தபின் அது உடலை விட்டு நீங்கும்வரை காத்திருந்து மீனைப் பிடிப்பதே முதற் காவல். வெதுவெதுப்பான நீரில் மருந்து விரைந்து நீங்குமாதலால், இக்காலத்தை வெப்பநிலையும் நாளும் பெருக்கிக் கணிப்பர். 500 பாகை-நாள் என விதித்தால், 10 பாகை நீரில் 50 நாட்களும் 25 பாகை நீரில் 20 நாட்களும் காத்திருத்தல் வேண்டும்.

அந்நாட்களைக் குறைத்து இலாபம் தேடுவோரை ஆய்வுகூடம் காட்டிக்கொடுக்கலாம். ஆனால், நம் உணவின் தூய்மை குளக்கரையிலேயே தொடங்குகின்றது.