‘இன்றிரவு 9.30-க்கு கரன்ட் கட்!’ - மெசேஜ் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

‘உங்கள் போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.’

2022-ல் தமிழகம் முழுக்கச் சுற்றிய எஸ்.எம்.எஸ் இது. மின்வாரியமும் காவல்துறையும் எச்சரித்த பிறகும், வாசகங்களை மாற்றிக்கொண்டு இதே ரக மெசேஜ்கள் வந்தபடியே இருக்கின்றன. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் பல வீடுகளில் சம்பாதிப்பவர் ஷிஃப்ட்டில் இருப்பார். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் மட்டும்தான். ராத்திரி கரன்ட் போய்விடும் என்றால் பதறாமல் இருக்க முடியுமா? அந்தப் பதற்றம்தான் மோசடிக் கும்பலின் முதலீடு.

10 ரூபாய்தான் தூண்டில்

மெசேஜில் உள்ள நம்பருக்கு போன் செய்தால், எடுப்பவர் மரியாதையாகத்தான் பேசுவார். ‘நீங்கள் கட்டிய பணம் எங்கள் சிஸ்டத்தில் ஏறவில்லை. இந்த ஆப்பை டவுன்லோடு செய்து 10 ரூபாய் மட்டும் கட்டுங்கள், சரியாகிவிடும்’ என்பார். 10 ரூபாய்தானே என்று நாமும் செய்வோம்.

அந்த ஆப், உங்கள் போன் திரையை வேறு ஊரிலிருந்தே பார்க்க உதவும் ‘ரிமோட்’ ஆப். நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டு, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எல்லாம் அவருக்கும் தெரியும். 10 ரூபாய் போன வழியிலேயே கணக்கில் உள்ள மிச்சமும் போய்விடும்.

இந்த மெசேஜில் ஒரு ஓட்டையும் இருந்தது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மின்கட்டணக் கணக்கெடுப்பு. ‘போன மாத பில்’ என்று எழுதியவருக்கு அது தெரியவில்லை. ஆனால், தப்பைக் கண்டுபிடித்துத் தப்பிக்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. அடுத்த மெசேஜில் அதையும் திருத்திக்கொள்வார்கள்.

துறைமுகத்தின் பெயரிலேயே நடந்தது

‘படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள்’ என்று நினைப்பவர்கள் ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னைத் துறைமுகத்தின் கதையைக் கேட்க வேண்டும். 2020-ல், துறைமுகம் இந்தியன் வங்கியின் கோயம்பேடு கிளையில் 100 கோடி ரூபாயை நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தது. துறைமுகத்தின் நிதிப்பிரிவு துணை இயக்குநர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், போலி ஆவணங்களைக் கொடுத்து துறைமுகத்தின் பெயரிலேயே ஒரு நடப்புக் கணக்கைத் தொடங்கினார். வைப்புத்தொகை அந்தக் கணக்குக்கு மாற்றப்பட்டு, சுமார் 45 கோடி ரூபாய் வெளியேறியது என்பது சி.பி.ஐ. வழக்கு. அமலாக்கத்துறையும் விசாரணையில் இறங்கியது.

பெயர், பதவி, முத்திரை, லெட்டர்பேடு எல்லாவற்றையும் போலியாகத் தயாரிக்க முடியும் என்பதுதான் இதில் நமக்கான பாடம். எதிரில் இருப்பவர் காட்டும் எதுவும் அவர் யார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. நமக்கு ஏற்கெனவே தெரிந்த வழியில் போய்க் கேட்டுக்கொள்வதுதான் ஆதாரம்.

போனை வையுங்கள், நீங்களே கூப்பிடுங்கள்

ஆகவே ஒரே ஒரு பழக்கம் போதும். யார் கூப்பிட்டாலும், எந்தக் கம்பெனி பெயரைச் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த வழியில் நீங்களே தொடர்புகொள்ளுங்கள்.

• மின்சாரம்: உங்கள் பகுதி இ.பி. ஆபீஸில் கேளுங்கள். அல்லது ‘மின்னகம்’ சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள்.

• வங்கி: ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் அச்சிட்டுள்ள நம்பர்தான் சரி. கூகுளில் தேடினால் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ நம்பர்களில் போலியும் கலந்திருக்கும். வங்கிகளின் இணையதள முகவரி இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

• எஸ்.எம்.எஸ்: பதிவு பெற்ற நிறுவனங்களின் மெசேஜ், பெயர்ச்சுருக்கத்தில்தான் வரும். 2025 முதல் அதன் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அரசு என்றால் ‘ஜி’, சேவை என்றால் ‘எஸ்’, பணப் பரிவர்த்தனை என்றால் ‘டி’, விளம்பரம் என்றால் ‘பி’. மின்வாரியத்தின் பெயரில் ஒரு மெசேஜ் 10 இலக்க செல்போன் நம்பரிலிருந்து வந்தால், அங்கேயே சந்தேகப்படுங்கள்.

• யு.பி.ஐ: பணம் அனுப்பத்தான் பின் நம்பர் தேவை. பணம் வாங்கத் தேவையே இல்லை. ‘ரீஃபண்ட் வர பின் போடுங்கள்’ என்றால் அது மோசடி.

வேலை தருகிறோம் என்றால்?

காமராஜர் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் வாகனத் தொழிற்சாலை... இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கெல்லாம் வேலை கிடைத்தால் அது பெரிய விஷயம். இப்படி ஒரு பெரிய இடத்தின் பெயரில் மெயில் வந்து, கூடவே டெபாசிட், யூனிஃபார்ம், மெடிக்கல் செக்கப் என்று ஏதாவது பெயரில் பணம் கேட்டால், ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? அந்த கேட் ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. நேரில் போய் விசாரியுங்கள்.

பணம் போய்விட்டால்...

அழுதுகொண்டு உட்காரக் கூடாது. உடனே 1930-ஐ அழையுங்கள். மோசடிப் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு வேகமாகத் தாவும். எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால் அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். போனில் இன்டர்நெட்டை அணைத்து, அந்த ஆப்பை நீக்கி, வேறு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

வங்கிக்கும் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதிகளின்படி, ஓ.டி.பி., பாஸ்வேர்டு போன்றவற்றை நாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரையிலான நஷ்டம் நம்முடையது. புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வீட்டில் திட்டுவார்களோ என்று மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் காசுதான்.

தாத்தா, பாட்டி போனிலும் 1930-ஐ இன்றே சேமித்துக் கொடுங்கள். ‘யாராவது அவசரப்படுத்தினால், போனை வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், எவ்வளவு பணம் போயிருந்தாலும் திட்ட மாட்டோம்’ என்றும் சொல்லிவையுங்கள்.