தாழப் பறக்கையில் கவனம் சிதறினால்

2014 மே 31, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வாட்கின்ஸ் என்ற ஊருக்கு அருகே செஸ்னா 150 என்ற குட்டி விமானம் வயல்வெளியில் விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்துபோனார்கள். அங்கே கிடைத்த சிறு கேமராவில், அதற்கு முந்தைய பயணங்களின் காட்சிகள் பதிவாகியிருந்தன. இரவில் ஓடுபாதையில் ஓடி மேலேறும் நேரத்திலேயே ஃபிளாஷ் அடித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இருட்டிலும் மேகத்திலும் திசையுணர்வு தடுமாறி விமானி கட்டுப்பாட்டை இழந்தார், தாழப் பறக்கையில் கைப்பேசியால் கவனம் சிதறியதும் அதற்குத் துணைபோனது என்று விசாரணை முடிவு சொன்னது.

ஒரு நொடிக் கவனக்குறைவு எப்படி விமானத்தை வீழ்த்துகிறது? இறக்கையை ஒட்டி வழியும் காற்றுதான் விமானத்தைத் தாங்குகிறது. வேகம் குறையக் குறைய, உயரம் இறங்காமல் இருக்க மூக்கைத் தூக்க வேண்டியிருக்கும். ஓர் அளவுக்கு மேல் தூக்கினால் காற்று இறக்கையைவிட்டு விலகிவிடும். தாங்கும் விசை சட்டென்று குறையும். இதுவே ‘ஸ்டால்’. திருப்பத்தில் ஆபத்து இன்னும் அதிகம். நேராகப் பறக்கையில் மணிக்கு 50 மைலில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் 70 மைலிலேயே ஸ்டால் ஆகிவிடும்.

அலாஸ்காவில் இதற்கு ‘மூஸ் ஸ்டால்’ என்றே பெயர் உண்டு. கீழே நிற்கும் மூஸ் மானைப் பார்க்க விமானி தாழ வட்டமிடுகிறார். பார்வை மானின் மேல். கை அறியாமலே திருப்பத்தை இறுக்குகிறது.

விமானம் எச்சரிக்காமல் இல்லை. செஸ்னா 150 ரகங்கள் பலவற்றில் இடது இறக்கையின் முன்விளிம்பில் சிறு துளை ஒன்று இருக்கும். ஸ்டால் நெருங்கும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, குழாய்வழி காற்றை இழுத்து ஊதலை ஒலிக்கச் செய்யும். மின்சாரமே தேவையில்லை. உடனே மூக்கைத் தாழ்த்தினால் இறக்கை மீண்டும் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு உயரம் வேண்டும். ஓர் இறக்கை முந்தி ஸ்டால் ஆகி விமானம் சுழலத் தொடங்கிவிட்டால், ஒரே சுற்றில் மீட்டெடுக்கக்கூட ஏறத்தாழ 1000 அடி தேவைப்படலாம். 500 அடியில் பறப்பவருக்கு அது கிடையாது.

ஆகவே படமெடுப்பது, வேடிக்கை பார்ப்பது எல்லாம் உடன் வருபவரின் வேலை. விமானியின் கண்ணும் கையும் வேகத்துக்கும் சாய்வுக்குமே உரியவை. வேறெதையாவது கவனித்தே தீர வேண்டுமென்றால், முதலில் இறக்கையை நேராக்கி மேலே ஏற வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.